வைத்துக்கொள்ளவா, அழிக்கவா

“மாமா, பிளக்குல கை வைக்காதீங்க!”

அவள் போட்ட சத்தத்தில் மாமா ஷாக் அடித்தவர்போல் கையை இழுத்துக்கொண்டார். ஒரு முழங்கால் தரையில், ஒரு கை கீபோர்டின் இரும்புக் காலில். குனிந்த வாக்கிலேயே திரும்பிப் பார்த்தார்.

“என்னம்மா இது, இடம் பண்ண வேண்டாமா? மூணு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்துடும். அத்தானை எங்க படுக்க வைக்கிறது? இது ஹால்ல பாதிய அடைச்சுக்கிட்டு நிக்குது.”

“நகர்த்தலாம் மாமா. ஆனா பிளக்கப் பிடுங்கக் கூடாது. அப்பா சொன்னார்.”

அப்பா சொன்னார் என்பது நேற்றுவரை இந்த வீட்டில் பெரிய சட்டம் ஒன்றும் இல்லை. இன்று காலை ஆறரை மணிக்குப் பிறகுதான் அதற்கு எடை வந்திருந்தது. மாமா முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். வயரைப் பார்த்தார். இரண்டு முழம்கூட இல்லை. பிடுங்காமல் நகர்த்துவது என்றால் சுவரையும் சேர்த்துத்தான் நகர்த்த வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

அப்பா அதைச் சொன்னது ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. ஞாயிற்றுக்கிழமை காலை கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. அம்மா காய்கறிப் பையோடு உள்ளே வந்தபோது தலையில் ஹெட்போன், கை மார்பில், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அன்றிலிருந்து மூன்று நாள், மூக்கில் குழாயோடு, மகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பேச்சு. “சிவப்பு லைட் மினுக்கும். பிளக்கப் பிடுங்கிடாதீங்க. உள்ள இருக்கு.”

“சரிப்பா, பார்த்துக்கறேன்ப்பா” என்றாள் அவள். அவளுக்கு வேலையே அதுதான். ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பதினொரு வருஷமாகத் தலையில் மைக் மாட்டிக்கொண்டு ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அவள் சொல்வது இதைத்தான்: பார்த்துக்கொள்கிறோம். சொல்லும்போது குரல் தானாக இனிப்பாகிவிடும், காது பாதி மூடிக்கொள்ளும். அப்பாவிடமும் அந்தக் குரலில்தான் சொல்லியிருந்தாள். உள்ளே என்ன இருக்கிறது, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கீபோர்டு இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். காலை ஷிஃப்ட் முடிந்து மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். அம்மா இரவுப் பணி நர்ஸ். மதியம் இரண்டு மணி என்பது அவளுக்கு நடுநிசி. கீபோர்டு வாங்கிய முதல் வாரத்தில் ஒருநாள், படுத்த இடத்திலிருந்து கண்ணைத் திறக்காமலே, “கொஞ்சம் மெதுவா வைக்க முடியாதா?” என்று கேட்டாள். மறுநாள் ஹெட்போன் வந்தது. அதற்கப்புறம் அந்தக் கீபோர்டின் குரலை வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் பிளாஸ்டிக் கீகளின் டக் டக் சத்தம் மட்டும். கொஞ்ச வருஷத்தில் அதுவும் காதில் விழாமல் போனது. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஹெட்போன் அவர் தலையை விட்டு இறங்கவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால், “உள்ள எங்க வீட்டுக்காரர் டைப் அடிக்கிறார்” என்று அம்மா கேலி பேசுவாள்.

மகள் இப்போது குனிந்து பார்த்தாள். அப்பா சொன்னது சரிதான். வலது ஓரத்தில் கடுகளவு சிவப்பு லைட் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டன். எழுத்தெல்லாம் அப்பாவின் விரல் பட்டுத் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தன. மேலே இருக்கும் சின்னத் திரை ரெண்டு வருஷமாகவே கறுத்துக் கிடந்தது. பக்கவாட்டில் கம்பெனியின் ஸ்டிக்கர், அதில் ஒரு போன் நம்பர்.

“இருபது வருஷத்துப் பழசு. எவன் எடுக்கப் போறான்?” என்றார் மாமா.

அவளும் அதையேதான் நினைத்தாள். இந்தத் தொழிலில் அவளுக்குத் தெரியாத சூது இல்லை. முதலில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்பார்கள். பிறகு பாட்டு போடுவார்கள். கடைசியில் ஒரு பிள்ளை வந்து, அந்த மாடலுக்கு இப்போது சேவை இல்லை என்று ஆறு நிமிஷத்துக்குள் அழகாக வாசலைக் காட்டிவிடும். அவள் ஆபீஸில் ஓர் அழைப்புக்கு ஆறு நிமிஷம்தான் கணக்கு. தாண்டினால் மேலே உள்ளவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து முறைப்பார்.

இருந்தாலும் அப்பாவின் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே ஒரு மனிதர் எடுத்தார். நடு வயதுக் குரல்.

“வணக்கம், சொல்லுங்க.”

அவ்வளவுதான். ஒன்றுமில்லை, இரண்டுமில்லை. தயாராக வைத்திருந்த எரிச்சலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் ஒரு கணம் விழித்தாள். மாடல் பெயரைச் சொன்னாள். கூப்பிட்ட போன் நம்பரைப் பார்த்தவர் உற்சாகமாகிவிட்டார்.

“அட, லிஃப்ட் சாரோட வீடா? எங்க அவர், ரெண்டு மாசமா ஆளையே காணோம்? குடுங்க மேடம், அவருக்கே எல்லாம் தெரியும்.”

“அப்பா காலைல தவறிட்டார்.”

இதற்கு அவளுடைய ஆபீஸில் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார்கள். தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், மேலும் எவ்வகையில் உதவலாம். அவள் அந்த வரிக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து நின்றிருக்க வேண்டும்.

“வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்களா?” என்று கேட்டார்.

“மூணு மணிக்கு.”

“மணி இப்ப ஒண்ணரை. போதும். நான் கூடவே இருக்கேன். என்ன ஆச்சுன்னு நிதானமா சொல்லுங்க.”

சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையை, ஹெட்போனை, சிவப்பு லைட்டை, தேய்ந்துபோன பட்டன்களை. அவர் குறுக்கே பேசவில்லை. அவள் முடித்ததும், “மினுக்குதா, நின்னு எரியுதா?” என்று மட்டும் கேட்டார்.

“மினுக்குது.”

“அப்ப அவர் வாசிச்சதப் பதிவு பண்ணியிருக்கார் மேடம். பாதியில எழுந்து போயிட்டார். கொஞ்ச நேரம் யாரும் வாசிக்கலைன்னா அதுவே பதிவை நிறுத்திட்டு ஒரு கேள்வி கேக்கும். வச்சுக்கவா, அழிக்கவான்னு. திரை நல்லா இருந்தா நீங்களே படிச்சிருப்பீங்க. கீழ இருக்கிற ரெண்டு பட்டன்ல ஒண்ணு வச்சுக்கும், ஒண்ணு அழிச்சிடும். கரண்ட் போனாலும் அழிஞ்சிடும். வச்சுக்கிட்டா அப்புறம் பிளக்கப் பிடுங்கினாலும் ஒண்ணும் ஆகாது. மூணு நாளா அது அதே கேள்வியத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு.”

அவள் அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்தாள். மூன்று நாள். இந்தப் பகுதியில் கரண்ட் போகாத மூன்று நாள் என்பதே அதிசயம். அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

“எந்தப் பட்டன் எதுன்னு வாயால சொல்றத விட மேடம், நானும் அதையே முன்னாடி வச்சுக்கறேன். நாங்க வித்த ஒவ்வொரு மாடல்லயும் ஒண்ணு இங்க ஒரு ரூம்ல இருக்கு. கூப்பிடறவங்க மாடல எடுத்து மேஜையில வச்சுக்கிட்டுத்தான் பேசணும். எங்க கம்பெனி வழக்கம். பின்கட்டு வரைக்கும் போகணும், கொஞ்சம் நேரமாகும். லைனை வைக்காதீங்க.”

இசைக்கருவி விற்கிற கம்பெனி, காத்திருக்கும்போது ஒரு பாட்டுக்கூடப் போடவில்லை. லைனைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார். எங்கோ ஒரு பூட்டு திறப்பதும், தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டே நெருங்குவதும் அவளுக்குக் கேட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்ற மாமா, “இன்னுமா பேசறே?” என்று ஜாடையில் கேட்டார். அவள் தலையாட்டினாள். பழைய மாடலைத் தேடி ஒருவர் வண்டி தள்ளிக்கொண்டு வருகிறார் என்று ஆபீஸில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வந்தவருக்கு மூச்சு வாங்கியது. “தூசி தட்டிட்டேன். ஆன் பண்ணிட்டேன். ஒரு ரெண்டு வரி வாசிச்சு விட்டு, உங்களுது இருக்கிற நிலைமைக்கு இதையும் கொண்டு வந்துட்டேன். இங்கயும் மினுக்குது.” நின்று நிதானித்தார். “இங்க இடது பட்டன் வச்சுக்குது. வலது பட்டன் அழிக்குது.”

அவள் இடது பட்டன் மேல் விரலை வைத்தாள். பதினொரு வருஷம் மற்றவர்களுக்கு ‘அழுத்துங்கள்’ என்று சொல்லிச் சொல்லியே பழகிய விரல். கேட்டவுடன் கீழே இறங்கத் தயாராக இருந்தது.

“கையை எடுங்க!”

அந்த மனிதர் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அவள் வெடுக்கென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மன்னிச்சுக்கோங்க மேடம். நான் அழுத்தச் சொல்லல இன்னும். இந்த மாடல்ல ஒரு சிக்கல் இருக்கு. முதல்ல வந்த செட்டுல இடது வச்சுக்கும். பின்னாடி வந்த செட்டுல மாத்திட்டாங்க, வலது வச்சுக்கும். ஏன் மாத்தினாங்கன்னு மாத்தின புண்ணியவானத்தான் கேக்கணும். உங்களோடது எதுன்னு சீரியல் நம்பர் சொல்லும். சாரோட கீபோர்டு நம்பர் இங்கயே இருக்கு.” கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம். “முதல் செட்டு. அப்ப இடதுதான்.”

“அழுத்தட்டுமா?”

“வேண்டாம். ஒரு நிமிஷம். நான் முழுசாப் படிச்சிடறேன்.”

“என்னத்தைப் படிக்கப் போறீங்க?”

“சார் கூப்பிட்டதையெல்லாம் எழுதி வச்சிருக்கோம். நாப்பத்தியொரு தடவை.”

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்படித் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறவர்களுக்கு அவள் ஆபீஸில் ‘சம்பந்தி’ என்று பட்டப்பெயர். சம்பந்தி லைனில் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள். இவ்வளவு வருஷமும் அப்பா இன்னொரு கம்பெனிக்குச் சம்பந்தியாக இருந்திருக்கிறார். அங்கே யாரும் தண்ணீர் குடிக்க எழுந்து போனதாகத் தெரியவில்லை.

அவர் முணுமுணுவென்று படித்துக்கொண்டே போனார். திரையில் விரலை வைத்து வரி வரியாகப் படிக்கிற மனிதரின் குரல் அது. படிப்பதுபோல் பாவனை செய்கிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளே தினமும் செய்வது.

“ஒரு கீ அமுங்கினா எழுந்திருக்க மாட்டேங்குது. காரணம், உள்ள ஹேர்பின். மகளோடதாம், திட்ட வேண்டாம்னு சொல்லியிருக்கோம்… இது பெடல்… இது ஹெட்போன் வயர்… கீகளோட டக் டக் சத்தத்தைக் குறைக்க வழி உண்டான்னு கேட்டிருக்கார். மனைவி பகல்ல தூங்கறாங்க. கீகளுக்கு அடியில ஒட்டறதுக்கு மெல்லிசா கம்பளிப் பட்டை வெட்டி அனுப்பியிருக்கு… மறுபடியும் கூப்பிட்டிருக்கார். இன்னும் கேக்குதாம். இன்னும் கொஞ்சம் தடிமனா அனுப்பியிருக்கு… மூணாவது தடவை. இப்ப கேக்கலைன்னு சொல்லவே கூப்பிட்டிருக்கார்.”

அவள் எழுந்து ஒரு கீயைத் தடவிப் பார்க்கப் போனாள். உடனே பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பழகிவிட்டது என்று நினைத்திருந்தார்களே, அது பழக்கம் இல்லை. அப்பா உட்கார்ந்து, அறுபத்தொன்றோ என்னவோ, அத்தனை கீகளையும் கழற்றி ஒவ்வொன்றுக்கும் அடியில் கம்பளி ஒட்டியிருக்கிறார். அந்த நேரம் அவள் பக்கத்து அறையில் படித்துக்கொண்டோ, பேன் வாரிக்கொண்டோ இருந்திருப்பாள்.

“மேடம்.” குரல் மாறியிருந்தது. “கிடைச்சிடுச்சு. எட்டு வருஷம் முன்னாடி உங்க வீட்டுல கூரை ஒழுகி மேல தண்ணி விழுந்திருக்கு. மேல்பலகையை முழுசா மாத்தியிருக்கோம். மாத்தின பலகை பின்னாடி வந்த செட்டு. உங்களுக்கு வலதுதான் மேடம். இடதை அழுத்தியிருந்தா…”

எட்டு வருஷத்துக்கு முன்னால் எவரோ ஒரு பழுது பார்ப்பவர், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற அவசரத்திலும், எந்தப் பலகையைப் போட்டோம் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வரியை இன்னொருவர் இன்று நாற்பத்தொரு குறிப்புகளுக்கு நடுவே தேடி எடுத்திருக்கிறார்.

“வலது பட்டன். ஒரே தடவை. அழுத்திட்டு லைட்டப் பாருங்க. அணைஞ்சா வச்சுக்கிச்சுன்னு அர்த்தம்.”

மாமா அருகில் வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அழுத்தினாள். லைட் இரண்டு தடவை மினுக்கியது. பிறகு அணைந்தது.

“அணைஞ்சிடுச்சு” என்றாள்.

“இருந்துடுச்சு மேடம்” என்றார் அவர். “இனிமே அது எங்கயும் போகாது. கேக்கறதுன்னா இப்பவும் கேக்கலாம், ஒரு வருஷம் கழிச்சும் கேக்கலாம். உங்க சௌகரியம்.”

அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நாற்பது. “போடும்மா” என்றார்.

ஹெட்போன் பின்னை இழுத்தாள். துளைக்குள்ளேயே வேர் விட்டதுபோல் இறுகியிருந்ததை அசைத்து உருவினாள். கம்பெனிக்காரர் சொன்ன பட்டனை அழுத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. வால்யூமை முழுதாகத் திருப்பினாள். அப்போதுதான் கேட்டது.

ஓர் ஒலி, அதற்குப் பின்னால் இன்னொன்று. கீகள் அசையவில்லை, ஆனால் அப்பா வாசித்தார். மெதுவான ஏதோ ஒரு மெட்டு. அவளுக்குத் தெரிந்த எந்தப் பாட்டும் இல்லை. ஓரிடத்தில் விரல் தடுக்கியது. திரும்பி வந்து மறுபடி முயன்றார், மறுபடி தடுக்கியது. மூன்றாம் தடவை தாண்டிவிட்டார். தாண்டிய சந்தோஷத்தில் மெட்டு ஒரு படி மேலே ஏறி அகலமாக விரிந்தது. அவளுக்கு வாய் திறந்தபடி நின்றது. லிஃப்டுக் கம்பியில் கிரீஸ் தடவிய கை இது. சாப்பிடும்போது உப்பு கேட்கக்கூடக் கூச்சப்படும் மனிதர். இத்தனை வருஷம் இதையா வைத்துக்கொண்டு இந்த ஹாலில் உட்கார்ந்திருந்தார்?

படுக்கையறைக் கதவில் அம்மா நின்றிருந்தாள். காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்து அப்பாவின் சட்டைகளை மடித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தவள். கையில் ஒரு சட்டை இருந்தது.

“யாரு வாசிக்கிறது?”

“அப்பாம்மா. ஞாயித்துக்கிழமை வாசிச்சது.”

அம்மா இரண்டு அடி வந்தாள். காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள். “சரியாவே கேக்கலையே. கொஞ்சம் கூட்டி வை.”

“முழுசா வச்சாச்சும்மா.” அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, “ஏங்க, கீபோர்டு ஸ்பீக்கர்ல ஏதாவது கோளாறா? ரொம்ப மெலிசாக் கேக்குது” என்றாள்.

“கோளாறு இல்ல மேடம்.” அவரும் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் போலிருக்கிறது, குரல் கம்மியிருந்தது. “கீயை எவ்வளவு அழுத்தி வாசிச்சாரோ அதையும் சேர்த்துத்தான் இது எழுதி வைக்கும். அவர் வாசிச்சதே அவ்வளவு மெதுவா. சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு கீயைத் தொட்டும் தொடாமலும் வாசிச்சுப் பழகியிருக்கார்.”

மெட்டு ஏறிக்கொண்டே போய், ஒரு வரியின் பாதியில், கதவைத் திறந்து வெளியே போனவர் மாதிரி நின்றுவிட்டது.

“நான்தான் நாலு வருஷமா ராத்திரியில தூங்கறேனே” என்றாள் அம்மா.

அதை அவள் யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. கையிலிருந்த சட்டையைக் கீபோர்டின் மேல் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அப்பா உட்காரும் விதத்தில் கொஞ்சம் வலதுபக்கம் தள்ளி உட்கார்ந்தாள். ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டினாள். அது அப்பாவின் தலை அளவுக்கு விரிந்திருந்தது, அம்மாவின் காதைத் தாண்டிக் கன்னம்வரை இறங்கியது. இரு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மகள் பின்னைச் செருகினாள். அதே பட்டனை மறுபடி அழுத்தினாள். வீடு அமைதியாகிவிட்டது. டக் டக்குகூட இல்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“லைன்ல இருக்கீங்களா?” என்று மகள் போனில் கிசுகிசுத்தாள்.

“இருக்கேன் மேடம். நீங்க வைக்கிற வரைக்கும் நாங்க வைக்கிறதில்ல.”

ஒரு மணி நேரம் இருபது நிமிஷம் என்று காட்டியது போன். அவள் வைக்கவில்லை, அவரும் எதுவும் கேட்கவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. கனத்த கதவொன்று திறக்கும் சத்தம், ஆண்கள் பேசும் சத்தம். உள்ளே வந்த மாமா, “வண்டி வந்…” என்று ஆரம்பித்தவர், அவள் உதட்டில் விரல் வைத்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அம்மாவைப் பார்த்தார். பிறகு வாசலுக்குத் திரும்பிப் போய், வெயிலில் நின்ற ஆட்களிடம் கையைக் கீழே தாழ்த்திக் காட்டி, ஒரு நிமிஷம் என்று ஜாடை செய்தார். அவர்கள் பேச்சு அடங்கியது.

மாமா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தாழ்ப்பாளை விரலால் பிடித்தபடி, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். அம்மா பகலில் தூங்கிய வருஷங்களில் இந்த வீட்டுக்குள் வருகிற எல்லோரும் அப்படித்தான் சாத்துவார்கள்.